இல்லத்துள் ஓடிய இசை

இருந்த இடத்திலிருந்தே இசை கேட்க வேண்டும் என்னும் விழைவு தொலைபேசியோடு உடன்பிறந்தது எனலாம். 1888-ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பெல்லமி, 'பின்னோக்கிப் பார்த்தல்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு புதினத்தை வெளியிட்டார். 1887-இல் பாஸ்டன் நகரில் உறங்கப் போன ஓர் இளைஞன் 2000-ஆம் ஆண்டில் கண் விழிக்கிறான். அவனை ஏற்றுக்கொண்ட குடும்பத்தின் மகள் அவனை இசையறைக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே இசைக்கருவி எதுவும் இல்லை. அச்சிட்ட நிரல் ஒன்றைக் கொடுத்து விரும்பியதைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறாள். அறையின் மறுபுறம் சென்று ஓரிரு திருகுகளைத் தொடுகிறாள். அறை முழுதும் இசை நிறைகிறது. நகரின் இசை மண்டபங்களில் கலைஞர்கள் முறைவைத்து இரவும் பகலும் வாசிக்கிறார்கள். சிறு கட்டணம் செலுத்தும் இல்லங்களுக்கெல்லாம் அவ்விசை தொலைபேசிக் கம்பி வழியே செல்கிறது என்பது அவள் தரும் விளக்கம்.

பெல்லமி குறித்த ஆண்டு பெரும்பாலும் தப்பவில்லை. கம்பி வழியே அறைதோறும் இசையைக் கொண்டுசெல்லும் சிறு கருவிகள் 2000, 2001-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இல்லங்களுக்குள் வந்தன. ஆனால் அவ்விசை எங்கோ இருந்த மண்டபத்திலிருந்து வரவில்லை. அடுத்த அறையில் இருந்த கணிப்பொறியிலிருந்து வந்தது. கேட்பவரே சேர்த்து, கேட்பவரே அடுக்கி, கேட்பவரே பெயரிட்டு வைத்திருந்த தொகுப்பு அது. மண்டபம் அனுப்பும் இசைக்கும் இல்லம் வைத்திருக்கும் இசைக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே இவ்வரலாற்றின் உள்ளுறை.

மண்டபத்திலிருந்து வந்த இசை

பெல்லமியின் கற்பனைக்கு முன்னரே அதன் வித்து பாரிஸ் நகரில் ஊன்றப்பட்டிருந்தது. 1881-இல் அங்கு நடந்த பன்னாட்டு மின்னியல் கண்காட்சியில் கிளெமான் அடேர் என்னும் பொறியாளர், பாரிஸ் இசைநாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வைத்து, கண்காட்சிக் கூடத்தில் இருந்தோர் தொலைபேசியில் பாடலைக் கேட்கச் செய்தார். செவிக்கு ஒன்றாக இரண்டு கேட்புக் குழல்களைப் பிடித்தவர்கள், பாடுபவர் மேடையில் இடமிருந்து வலம் நகர்வதைக்கூட உணர்ந்தனர். விக்டர் ஹியூகோ அவ்வாண்டே அதனைக் கேட்டு நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். 1890-இல் இது 'தெயாத்ரோஃபோன்' என்னும் பெயரில் வணிகமாயிற்று. விடுதிகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் நாணயம் இட்டால் சில நிமிடம் கேட்கலாம். வசதியுள்ளோர் வீட்டிலேயே இணைப்புப் பெறலாம். மூச்சிரைப்பு நோயால் அறையை விட்டு வெளியேற இயலாதிருந்த மார்செல் புரூஸ்ட் 1911-இல் சந்தாதாரராகி, டெபுஸ்ஸியின் இசைநாடகத்தை இருந்த இடத்திலிருந்தே கேட்டார். இந்த ஏற்பாடு 1932 வரை நீடித்தது.

அமெரிக்காவில் தாடியஸ் கேஹில் மேலும் துணிந்தார். அவர் 1897-இல் காப்புரிமை பெற்ற 'டெல்ஹார்மோனியம்' மின்னாக்கிகளைச் சுழற்றியே சுரங்களை எழுப்பியது. 1906-இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 200 டன். ஒலியைப் பெருக்கும் மின்கருவி பயன்பாட்டுக்கு வராத காலமாதலின், கம்பியில் வலிய மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. அது பக்கத்துக் கம்பிகளில் கசிந்து, ஊரார் தொலைபேசிப் பேச்சினூடே புகுந்தது. செலவும் முறையீடும் மிகுந்து சில ஆண்டுகளில் முயற்சி ஓய்ந்தது.

இவ்விரண்டிலும் இசையின் ஊற்று வெளியே இருந்தது. கேட்பவர் கட்டணம் செலுத்தும் வரை கம்பி பேசும். நிறுத்தினால் வாய் மூடிவிடும். 1877-இல் எடிசன் கண்ட ஒலிப்பதிவோ இதற்கு நேர்மாறான வழியைத் திறந்தது. வாங்கிய இசைத்தட்டு வீட்டுப் பொருளாயிற்று. ஆனால் பெட்டி இருக்கும் அறையில் மட்டுமே அது ஒலிக்கும். வீட்டில் இருக்கும் இசையே வீடு முழுதும் செல்ல வேண்டுமாயின், இசை முதலில் எண்ணாக மாற வேண்டியிருந்தது.

எண்ணாக மாறிய இசை

1982-இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபோது அம்மாற்றம் பொதுமக்கள் கைக்கு எட்டியது. குறுந்தட்டில் ஒலியின் அலை ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 இரும எண்களால் எழுதப்படுகிறது. இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனியே எழுதுவதால், ஒரு நொடி இசைக்கு 14,11,200 பிட் ஆகிறது. ஒரு நிமிடத்திற்கு 10 மெகாபைட்டுக்கு மேல். அக்காலக் கணிப்பொறிகளுக்கும் தொலைபேசிக் கம்பிகளுக்கும் இது பெருஞ்சுமை.

அச்சுமையைக் குறைக்கும் ஆராய்ச்சி பிறந்த இடம், வியப்புக்குரிய முறையில், மீண்டும் தொலைபேசியே. ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் சைட்சர், எண்வழித் தொலைபேசி இணைப்பு மூலம் இசையை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அது நடவாத காரியம் என்று தேர்வாளர் மறுத்தார். சைட்சர் அந்த 'நடவாத காரியத்தை'த் தம் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கிடம் ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். மனிதச் செவி எல்லாவற்றையும் கேட்பதில்லை. வலிய ஒலி ஒன்று எழும்போது அதனை ஒட்டிய மெல்லொலிகள் மறைந்துவிடுகின்றன. செவி கேளாததை எழுதாமல் விட்டால் இசையின் சுமை பெரிதும் குறையும் என்பதே அம்முறையின் அடிப்படை. பிராண்டன்பர்க்கும் எர்லாங்கனில் உள்ள ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்து ஆய்வாளர்களும் பல்லாண்டு உழைத்து இதனைச் செப்பம் செய்தனர். பக்க இசை ஏதுமின்றி சுசான் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' என்னும் பாடல் அவர்களுக்கு உரைகல்லாக அமைந்தது. பேரிசைக் குழுவின் முழக்கத்தில் ஒளிந்துகொண்ட பிழைகள் தனிக்குரலில் அப்பட்டமாகத் தெரிந்தன. அந்தக் குரல் இயல்பாக ஒலிக்கும்வரை முறையைத் திருத்திக்கொண்டே இருந்தனர். 1992-இல் அது பன்னாட்டுத் தரமாக வடிவுற்றது. 1995 ஜூலையில் அதன் கோப்புகளுக்கு 'எம்.பி.3' என்னும் பின்னொட்டு முடிவாயிற்று.

நொடிக்கு 1,28,000 பிட் என்பது அக்கோப்புகளில் பெருவழக்கான அளவு. குறுந்தட்டின் அளவில் இது பதினொன்றில் ஒரு பங்கு. 20 கிகாபைட் வன்தட்டில் குறுந்தட்டு இசையை உள்ளபடியே வைத்தால் 31 மணி நேர இசை அடங்கும், எம்.பி.3 ஆக்கி வைத்தால் ஏறத்தாழ 347 மணி நேர இசை அடங்கும். அலமாரி நிறைந்த தட்டுகள் ஒரு பெட்டிக்குள் ஒடுங்கின.

அகன்ற உள்வாயில், குறுகிய புறவாயில்

இல்ல வலையமைப்பு என்பது ஒரு வீட்டிலுள்ள கணிப்பொறிகளையும் கருவிகளையும் தமக்குள் இணைக்கும் ஏற்பாடு. இதன் மூலம் 1973-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தில் தோன்றியது. அங்கே ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய 'ஈதர்நெட்' அலுவலகக் கணிப்பொறிகளுக்காகப் பிறந்தது. 1983-இல் அது பொதுத்தரமாயிற்று. 1990-இல் தொலைபேசிக் கம்பியை ஒத்த முறுக்குக் கம்பியிலேயே நொடிக்கு ஒரு கோடி பிட் செலுத்தும் வகை தரப்படுத்தப்பட்டபின், விலை குறைந்து வீடுகளுக்கும் வந்தது. 1997-இல் கம்பியில்லா வலையமைப்பின் தரமும், 1999-இல் அதன் விரைவான வகையும் வெளியாயின. 'வைஃபை' என்று உலகம் அறிந்தது இதனையே.

அந்நாளில் வீட்டுக்கு வெளியே செல்லும் வழி மிகக் குறுகலானது. தொலைபேசி மோடம் உயர்ந்த அளவாக நொடிக்கு 56,000 பிட் தந்தது. அவ்விரைவு முழுமையாகக் கிடைத்தாலும் 4 நிமிடப் பாடல் ஒன்று வந்து சேர 9 நிமிடத்திற்கு மேல் ஆகும். வீட்டுக்குள்ளோ வழி அகலமானது. ஒரு கோடி பிட் செல்லும் கம்பியில், கணக்களவில், 78 பாடல்கள் ஒரே நேரத்தில் ஓடலாம். வெளிவாயில் குறுகியும் உள்வாயில் அகன்றும் இருந்த இச்சில ஆண்டுகளில்தான், இல்லம் தனக்குத் தானே வானொலி நிலையமாக விளங்கிய காலம் அமைந்தது. இசையை வெளியிலிருந்து ஓடவிட இயலாததால், உள்ளே சேர்த்து ஓடவிட்டனர்.

இசை சேர்ந்த வழி எல்லாம் நேர்மையானதன்று. 1999-இல் தொடங்கிய 'நாப்ஸ்டர்' வழியாகப் பிறர் கோப்புகளை உரிமையின்றி எடுத்தோர் எண்ணற்றோர். வழக்குகளின் விளைவாக அது 2001-இல் நின்றது. எனினும் தாம் விலைகொடுத்து வாங்கிய தட்டுகளைத் தாமே கோப்பாக்கிச் சேர்த்தோரும் மிகப் பலர். இத்தகைய பயன்பாட்டை 1999-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கையடக்க இசைக்கருவி பற்றிய வழக்கில், வணிக நோக்கற்ற சொந்தப் பயன்பாடாகவே கருதியது. பிரிட்டனிலோ சொந்தத் தட்டைச் சொந்தப் பயனுக்குப் படியெடுப்பதே 2014 அக்டோபர் வரை சட்டப்படி குற்றமற்றதாக இருக்கவில்லை. அவ்வாண்டு தந்த அனுமதியும் 2015 ஜூலையில் உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. வாங்கிய பாட்டு யாருடையது என்னும் வினாவுக்கு நாட்டுக்கு நாடு விடை மாறியது.

2000-க்கும் 2001-க்கும் இடையே வந்த 'ரியோ ரிசீவர்' வீட்டினுள் முன்பே ஓடிக்கொண்டிருந்த தொலைபேசிக் கம்பியையே இசைக்கும் பயன்படுத்திக்கொண்டது. பெல்லமியின் கனவில் வந்த அதே கம்பி, இப்போது வீட்டுக்குள்ளேயே தொடங்கி வீட்டுக்குள்ளேயே முடிந்தது. ஷான் ஆடம்ஸ் தொடங்கிய 'ஸ்லிம் டிவைசஸ்' என்னும் சிறு நிறுவனம் 2001-இல் 'ஸ்லிம்பி3' என்னும் கருவியை வெளியிட்டது. அதில் வன்தட்டு இல்லை. தேடும் அறிவும் இல்லை. ஒளிரும் எழுத்துப் பலகை ஒன்று, வலைக்கம்பிக்கு ஒரு துளை, ஒலிபெருக்கிக்குச் செல்லும் துளை, அவ்வளவே. பாடலைத் தேடுவதும் பெயரைக் காட்டுவதும் எல்லாம் கணிப்பொறியிலிருந்த வழங்கி நிரலின் வேலை. தொலையியக்கியில் அழுத்திய பொத்தான் கணிப்பொறிக்குச் சென்று, அதன் விடை எழுத்தாகவும் இசையாகவும் திரும்பி வந்தது. அந்த நிரலின் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று நிறுவனம் திறந்து வைத்தது. இச்செயலின் பயன் கால் நூற்றாண்டு கழித்தே முழுமையாகத் தெரிந்தது.

துளிகளும் ஓடையும்

கணிப்பொறி வலையமைப்பில் எதுவும் முழுதாகச் செல்வதில்லை. பாடல் சிறு பொதிகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் முகவரி தாங்கித் தனியே புறப்படுகிறது. சில முந்தும், சில பிந்தும், சில வழியில் தொலையும். தொலைந்ததை மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். செவியோ ஒரு நொடியின் சிறு பகுதி இடைவெளியையும் பொறுக்காது. ஆகவே வரும் பொதிகளைக் கருவி சில நொடி அளவுக்குச் சேர்த்து வைத்துக்கொண்ட பின்னரே பாடத் தொடங்குகிறது. ஏரியில் நீர் கூடியும் குறைந்தும் வந்தாலும் மதகு வழியே வயலுக்கு ஒரே சீராகப் பாய்வதை ஒத்தது இது. ஓடை போல் இசையைச் செலுத்தும் இம்முறைக்கு ஆங்கிலேயர் 'ஸ்ட்ரீமிங்' என்று பெயரிட்டது பொருத்தமே.

ஓர் அறைக்கு இது போதும். இரண்டு அறைகளில் ஒரே பாடலைக் கேட்க நினைத்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு கருவியும் தன்னுள் உள்ள படிகக் கடிகாரத்தின்படி பாடுகிறது. எந்த இரு கடிகாரமும் முற்றும் ஒத்திருப்பதில்லை. இலட்சத்தில் ஐந்து பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேர இசை முடியும்போது ஒன்று மற்றொன்றை விட 0.18 நொடி பிந்திவிடும். கூடத்தில் நிற்பவர் செவிக்குச் சமையலறைப் பாடல் எதிரொலியாகக் கேட்கும். கருவிகள் தம்முள் ஓயாது நேரம் கேட்டு, முந்தியது சற்றே தயங்கவும் பிந்தியது சற்றே விரையவும் செய்து இதனைத் தீர்த்தனர். சாண்டா பார்பராவில் 2002-இல் தொடங்கப்பட்ட 'சோனோஸ்' நிறுவனம் 2005-இல் வெளியிட்ட கருவிகள் கம்பியின்றியே பல அறைகளை ஒருசேரப் பாடவைத்தன. அவையில் பக்கவாத்தியக்காரர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதைக் கருவிகள் எண்களால் கற்றுக்கொண்டன.

பெயர்ச்சீட்டில் இடம்பெறாத கவிஞர்

பாடல் கோப்பான பிறகு அதன் உறையும் அட்டையும் மறைந்தன. பாடியவர் யார், எந்தத் தொகுதி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. குறுந்தட்டிலேயே முதலில் பாடல்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. 1996-இல் எரிக் கெம்ப் ஒரு வழி கண்டார். எம்.பி.3 கோப்பின் இறுதியில் 128 பைட் அளவில் ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டினார். தலைப்புக்கு 30 எழுத்து, கலைஞர் பெயருக்கு 30, தொகுதிக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30; இசைவகைக்கு ஓர் எண். 'ஐடி3' எனப்பட்ட இச்சீட்டு உலகெங்கும் பரவியது.

அதில் பாடலை எழுதியவருக்கு இடமில்லை. இசையமைத்தவருக்கும் இடமில்லை. ரோமன் எழுத்துகளை மனத்திற்கொண்டு அமைந்த அச்சீட்டில் தமிழ் எழுத்துக்கு உரிய வழியும் இல்லை. மேலைநாட்டு மெல்லிசையில் பாடும் குழுவே பாடலுக்கு உரியவராகக் கருதப்பட்டதால் இக்குறை அங்கே பெரிதாகத் தோன்றவில்லை. தமிழ்த் திரைப்பாடலுக்கோ எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என மூவர் உண்டு. 'கலைஞர்' என்னும் ஒரே கட்டத்தில் ஒருவர் இசையமைப்பாளரை இட்டார். ஒருவர் பாடகரை இட்டார். ஒருவர் படத்தின் பெயரையே இட்டார். பாடலாசிரியர் பெரும்பாலும் விடுபட்டார். 1998-இல் வந்த இரண்டாம் வகைச் சீட்டில் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் தனித்தனி இடங்கள் வகுக்கப்பட்டன. யூனிகோடு வழியாகத் தமிழிலேயே எழுதவும் இயன்றது. இடம் வகுத்த பின்னும் அதனை நிரப்புவார் அரியராகவே இருந்தனர். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒலிபரப்பு வருவாயில் சமபங்கு பெறும் உரிமையை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்தது. பெயர் பதியாத இடத்தில் உரிமையைத் தேடிச் செல்வது எளிதன்று.

தமிழர்க்கு இப்பாடம் புதியதன்று. பாடினோர் பெயரையும் திணையையும் துறையையும் பாட்டோடு சேர்த்து வைத்த தொகை மரபு நம் மரபு. பெயர் தொலைந்த இடத்தில் பாட்டின் தொடரையே புலவர்க்குப் பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும் மீனெறிதூண்டிலார் என்றும் வழங்கினர். பாட்டு மட்டும் எஞ்சிப் பாடியவர் மறையலாகாது என்னும் அக்கறை அதில் இருந்தது.

பெயர்களைச் சேர்க்கும் வேலை பொதுவுழைப்பாகவே நடந்தது. தட்டிலுள்ள பாடல்களின் கால அளவை வைத்தே அத்தட்டை அடையாளம் கண்டு, பெயர்களைத் தருவித்துத் தரும் 'சிடிடிபி' என்னும் தரவுத்தொகுதியை 1990-களில் ஆயிரக்கணக்கானோர் கூலி கருதாது தட்டெழுதி நிரப்பினர். பின்னர் அது வணிக நிறுவனத்தின் உடைமையாயிற்று. 'கிரேஸ்நோட்' எனப் பெயர் மாறி, உரிமம் பெறாத நிரல்களுக்குக் கதவை அடைத்தது. ஊர்கூடி வெட்டிய குளத்திற்கு ஒருவர் வேலியிட்டது போன்ற இந்நிகழ்ச்சிக்கு எதிர்வினையாக, எவரும் தனியுடைமை ஆக்க இயலாத வகையில் 'மியூசிக்பிரெய்ன்ஸ்' என்னும் பொதுத்தொகுதி 2000-இல் முளைத்தது.

திறந்த நெறியும் பூட்டிய நெறியும்

2003-க்குப் பின் பெரிய நிறுவனங்கள் இத்துறைக்கு வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐட்யூன்ஸ் நிரலின் நான்காம் பதிப்பில், ஒரு கணிப்பொறியின் பாடல்களை மற்றொன்றிலிருந்து கேட்கலாம். முதலில் இணையம் வழியே ஊர் கடந்தும் கேட்க முடிந்தது. அதனைப் பயன்படுத்தி அறிமுகமற்றோர் தொகுப்புகளைத் திறக்கும் வழிகள் தோன்றியதும், ஒரு மாதத்திற்குள் அவ்வழி மூடப்பட்டுப் பகிர்வு வீட்டு வலையமைப்போடு நின்றது. 2004-இல் அந்நிறுவனம் கொண்டுவந்த 'ஏர்ட்யூன்ஸ்' இசையைக் கம்பியின்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. ஆனால் அந்த ஓடை மறைகுறியால் பூட்டப்பட்டிருந்தது. 2011-இல் அதன் திறவுகோல் வெளிப்பட்ட பிறகு, உரிமம் பெறாது பிறர் செய்தவையும் அதனைப் பெற்றன.

சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் கூடி 2003-இல் அமைத்த கூட்டமைப்பு, பின்னர் 'டிஎல்என்ஏ' எனப்பட்டது. எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் பெட்டியோடும் பேசுவதற்கான பொதுவிதிகளை அது வகுத்தது. 2017-இல் அக்கூட்டமைப்பு கலைந்தது. விதிகள் எழுத்தில் இருந்தமையால் அவற்றின்படி செய்த கருவிகள் அதன் பின்னும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. இதே காலத்தில் ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001-இல் முழுவடிவில் வெளியிட்ட 'ஃபிளாக்' முறை, ஒலியில் ஒரு துளியும் விடாமல் கோப்பைச் சுருக்கியது. வன்தட்டு பெருகப் பெருக, செவி கேளாதது என்று கழித்ததையும் சேர்த்து வைக்க விரும்பியோர் அதனைத் தேர்ந்தனர். 2024 டிசம்பரில் அது இணையப் பொதுத்தரமாகவும் வெளியிடப்பட்டது.

மீண்டும் மண்டபம்

புறவாயில் அகன்றதும் காட்சி மாறியது. 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் 'ஸ்பாட்டிஃபை' தொடங்கியது. திங்கள்தோறும் கட்டணம், கோடிக்கணக்கான பாடல்கள், எதையும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. பெல்லமியின் மண்டபம் திரும்பி வந்தது. வேறுபாடு ஒன்றே. அவர் கண்ட மண்டபத்தில் கலைஞர் வாசித்தனர். இதில் கோப்புகள் வரிசையில் நின்றன.

இதன் நன்மை சிறிதன்று. குறுந்தட்டு வாங்க இயலாத இளைஞனும் உலக இசை அனைத்தையும் கேட்கலானான். திருட்டுக் கோப்புகளின் தேவையும் குறைந்தது. ஆனால் மண்டபத்தின் நிரலைக் கேட்பவர் வகுப்பதில்லை. 2019-இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த சில வாரங்களில், பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் உரிமையாளரான சரிகம நிறுவனத்தின் பாடல்கள் உரிம வழக்கினால் அதிலிருந்து நீங்கின. உடன்பாடு ஏற்பட்டது 2020-இல்தான். 2022 ஜனவரியில் நீல் யங் என்னும் பாடகர் தம் பாடல்களை அம்மண்டபத்திலிருந்து எடுத்துக்கொண்டார், 2024-இல் திரும்பினார். உரியவர் தம் பொருளைத் திரும்பப் பெறுவது அவர் உரிமை. அவர் தட்டை முன்பே வாங்கி வைத்திருந்த வீட்டில் மட்டும் பாட்டு நிற்கவில்லை.

கருவிகளும் மண்டபத்தையே நம்பத் தொடங்கின. 2020 ஜனவரியில் சோனோஸ் தன் பழைய கருவிகளுக்கு இனிப் புதுப்பிப்பு இல்லை என அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பால், அதன் தலைவர் வருத்தம் தெரிவித்து, பழையவை தனியே தொடர்ந்து இயங்க வழிசெய்தார். 2024 மே மாதம் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய செயலியில், வீட்டில் சேர்த்து வைத்த இசையைக் கையாளும் வசதிகள் சில தொடக்கத்தில் இல்லாதொழிந்தன. விலைகொடுத்து வாங்கிய பெட்டி வீட்டில் இருந்தது. அது என்ன செய்யும் என்பதை வேறு ஊரில் இருந்தோர் தீர்மானித்தனர்.

ஒரு கருவியின் மறுவாழ்வு

ஸ்லிம் டிவைசஸ் கதைக்கு இங்கே திரும்ப வேண்டும். ஸ்லிம்பி3-க்குப் பின் 2003-இல் வைஃபை வசதியுடன் 'ஸ்குவீஸ்பாக்ஸ்' வந்தது. 2006-இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012-இல் அக்கருவி வரிசை நிறுத்தப்பட்டது. 2024-இல் அக்கருவிகளுக்கென இணையத்தில் இயங்கிவந்த சேவையும் மூடப்பட்டது. வழக்கமாக இத்தகைய முடிவு கருவிகளுக்கும் முடிவாகும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. கருவியின் அறிவெல்லாம் வழங்கி நிரலில் இருந்தது. நிரலின் மூலம் திறந்திருந்தது. பயனாளர்களே அதனைக் காத்து வளர்த்தனர். ஐந்து முறைக்குக் குறையாமல் பெயர் மாறிய அந்நிரல் 2024-இல் 'லிரியான்' எனப் புதுப்பெயர் பூண்டு, நிறுவனத்தின் துணையின்றியே நடந்தது. கடையில் கருவி கிடைக்காத காலத்தில், 2012-இல் வந்த 'ராஸ்பெரி பை' என்னும் சிறு கணிப்பொறியைக் கொண்டு அதன் நிகர்க் கருவியை வீட்டிலேயே செய்துகொண்டனர். 2003-இல் வாங்கிய பெட்டி 2024-க்குப் பின்னும், இணையத்தின் உதவியின்றி, அடுத்த அறையிலிருந்த கணிப்பொறியின் பாடலைப் பாட முடிந்தது.

இவ்வரலாற்றில் நிலைத்தவை எவை என்று நோக்கினால் மூன்று தெரிகின்றன. முதலாவது, கேட்பவர் கையில் உள்ள படி. இரண்டாவது, யாரும் படித்துணரக்கூடிய வகையில் எழுதி வைத்த விதி. மூன்றாவது, பாட்டோடு பிரியாது ஒட்டிய பெயர். இம்மூன்றில் ஒன்று குறைந்த இடத்தில் கருவி ஊமையாயிற்று, அல்லது பாட்டு அநாதையாயிற்று. ஏடு ஒரு மடத்தில் மட்டும் இருந்திருந்தால் அம்மடத்தோடு போயிருக்கும். ஊர்தோறும் படியெடுத்தமையால் எஞ்சியது என்பதைப் பதிப்பு வரலாறு அறிந்தோர் உணர்வர். பல்லாண்டு உழைத்து ஒரு தொகுப்பை அமைக்கும் எவர்க்கும், அது பாட்டாயினும் கவிதையாயினும், இதுவே பொருந்தும். மண்டபத்தில் கேட்பதைக் கைவிட வேண்டியதில்லை. விருப்பமானதில் ஒரு படி வீட்டிலும் இருக்கட்டும். அதன் பெயர்ச்சீட்டில், பாடியவர் பெயருக்கு அருகே, எழுதியவர் பெயரும் இருக்கட்டும்.